ஃபாலன் லீவ்ஸ்: கோத்தகிரியில் பார்த்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பின்லாந்து இயக்குநர் அகி கௌரிஸ்மாகி எடுத்த ‘ஃபாலன் லீவ்ஸ்’ 2023-இல் வந்தது. ஹெல்சிங்கி நகரத்தில் தனியாக வாழும் ஒரு கடைத் தொழிலாளிக்கும் ஒரு பட்டறைத் தொழிலாளிக்கும் இடையே வரும் காதல்தான் கதை. கோத்தகிரியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் திரையிடலில் இதைக் காட்டினோம். வந்தவர்களில் பலர் தேயிலைத் தோட்டத்திலும் பேக்டரியிலும் லாட்ஜிலும் வேலை பார்ப்பவர்கள். படம் முடிந்த கையோடு கேட்டவையும், பிறகு பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் வழிமறித்துக் கேட்டவையுமான கேள்விகளை அவரவர் பேச்சிலேயே தந்திருக்கிறேன். கதை முழுவதும் இதில் வந்துவிடும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதை என்னன்னு ஒருதடவை தமிழ்ல சொல்லிடுங்க. சப்டைட்டில் ஓடின வேகத்துக்குப் படிக்க முடியல.

அன்சா ஒரு சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி அடுக்குகிறாள். தேதி முடிந்து குப்பைக்குப் போக வேண்டிய உணவைத் தன் பையில் எடுத்து வைத்ததற்காக வேலையிலிருந்து அனுப்பப்படுகிறாள். ஹொலப்பா இரும்பின் மேல் மணலைப் பீய்ச்சித் துருவும் பெயிண்டும் எடுக்கிற வேலை செய்கிறவன். வேலை நேரத்திலும் பாட்டில் அவன் பக்கத்தில்தான் இருக்கும். ஒரு விபத்துக்குப் பிறகு அவனுக்கும் வேலை போகிறது.

இருவரும் முதலில், வந்தவர்களே மைக் பிடித்துப் பாடும் ஒரு கரோக்கி பாரில் பார்த்துக்கொள்கிறார்கள், பேசவில்லை. பிறகு ஒருநாள் காபி குடிக்கிறார்கள், சினிமாவுக்குப் போகிறார்கள். பெயரை அடுத்த முறை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் நம்பரை மட்டும் எழுதிக் கொடுக்கிறாள். அவன் சிகரெட் எடுக்கும்போது சீட்டு பாக்கெட்டிலிருந்து விழுந்துவிடுகிறது. அதன்பின் அவன் தினமும் அதே தியேட்டர் வாசலில் போய் நிற்கிறான். ஒருவழியாகச் சந்திக்கிறார்கள், அவள் வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிறாள். அங்கே அவன் குடியால் சண்டை வந்து பிரிகிறார்கள். அவன் குடியை விட்டுவிட்டுப் போன் செய்கிறான், உடனே வா என்கிறாள். வருகிற வழியில் விபத்தில் அடிபட்டுக் கோமாவில் கிடக்கிறான். அவள் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவன் கண் விழிக்கிறான். இவ்வளவையும் 81 நிமிடத்தில் சொல்லிவிடுகிறார்கள்.

ஏன் யாருமே சிரிக்க மாட்டேங்கிறாங்க? நடிக்கத் தெரியாதவங்க மாதிரி நிக்கிறாங்களே?

கௌரிஸ்மாகி படங்களில் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். முகத்தை அசைக்காமல், வசனத்தை ஏற்ற இறக்கம் இல்லாமல் பேசச் சொல்வார். அன்சாவாக நடித்த அல்மா போய்ஸ்டி பின்லாந்தின் நல்ல நாடக நடிகைகளில் ஒருவர். இந்த வேடத்துக்காகக் கோல்டன் குளோப் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். ஆகவே நடிக்கத் தெரியாமல் இல்லை.

ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறி முகங்களைப் பாருங்கள். யாரும் கண்ணீர் விடுவதில்லை, பெருமூச்சு விட்டு வசனம் பேசுவதில்லை. களைத்துப்போன முகத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் ஒன்றும் இல்லாமல் இருக்காது. அந்த முகத்தை அழகுபடுத்தாமல் அப்படியே காட்டியதுதான் எனக்கு இந்தப் படத்தில் முதலில் பிடித்த விஷயம். அன்சா படத்தில் வெகு அபூர்வமாகத்தான் முகம் மலர்கிறாள், அதனால்தான் அது நம் நெஞ்சில் நிற்கிறது.

பின்லாந்து பணக்கார நாடுதானே? அங்கேயும் இப்படியா?

2018-இலிருந்து உலக மகிழ்ச்சி அறிக்கையில் தொடர்ந்து முதலிடத்தில் இருக்கும் நாடு. அந்த நாட்டில்தான் அன்சாவுக்கு இத்தனை மணி நேரம் வேலை தருவோம் என்று உறுதி சொல்லாத ஒப்பந்தம். கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் இல்லை. அடுத்து அவள் பாத்திரம் கழுவும் பாரில் சம்பள நாளன்று முதலாளியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது, சம்பளமும் அவனோடு போய்விடுகிறது. கரண்ட் பில் வந்த அன்று வீட்டில் எதையெல்லாம் அணைக்க முடியுமோ அதையெல்லாம் அணைக்கிறாள். இந்தக் காட்சியில் நம் கூட்டத்தில் மெல்லிய சலசலப்பு எழுந்தது, யாரும் விளக்கம் கேட்கவில்லை.

நாற்பது வயசுல காதல் எல்லாம் நடக்குமா? இங்க இருந்தா ஊரே சிரிக்கும்.

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர்களில் ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. படத்தில் வயது சொல்லப்படவில்லை. நடித்த இருவரும் அப்போது நாற்பதைத் தாண்டியவர்கள்.

‘இந்த வயசுல எதுக்கு’ என்ற சொல் நம் மலையில் எத்தனை பேரைத் தனியாக உட்கார வைத்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டுக் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் பந்தலூருக்கும் வந்து இறங்கிய குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன, அதுதான் இன்றைய டான்டீ. அந்தக் குடும்பங்களில் தம்பி தங்கைகளைக் கரைசேர்ப்பதற்காகவே கொழுந்து கிள்ளித் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட அக்காக்கள் உண்டு. சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. கீழே ஊரிலிருந்து லாட்ஜ் வேலைக்கு வந்து, படிக்கட்டுக்குக் கீழே ஒரு அறையில் இருபது வருஷம் ஓட்டியவர்கள் உண்டு. இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் தோட்ட வேலைக்கு வந்திருப்பவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. வீடு வந்துவிட்டதா, ரேஷன் கார்டு இருக்கிறதா என்று கேட்போம், அதோடு சரி.

இந்தப் படத்தில் அன்சாவைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிக்கவில்லை. வேலை போனபோது உடனிருந்த தோழி, காதல் விஷயத்திலும் உடன் இருக்கிறாள். அவளுக்குக் காதல் வந்தது ஒரு செய்தியே இல்லை என்பது போல இயக்குநர் கதையைக் கொண்டு போகிறார். அவளால் அதற்கு நேரமும் காசும் ஒதுக்க முடியுமா என்பதுதான் அவர் கேட்கும் கேள்வி. அந்தக் கேள்வி நியாயமானது. நம்மிடமும் அதைத்தான் கேட்க வேண்டும்.

புதுசா ஒரு தட்டு வாங்குறாளே, அது எதுக்கு? அப்புறம் அதையே ஏன் குப்பையில போடுறா?

இதைக் கேட்டது லாட்ஜ் சமையலறையில் வேலை செய்யும் ஒரு அக்கா. படத்தின் உயிரே அந்தத் தட்டில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஹொலப்பா சாப்பிட வருவதாகச் சொன்னதும் அன்சா கடைக்குப் போகிறாள். அவள் வீட்டில் தட்டு ஒன்றுதான். இன்னொரு தட்டு, ஒரு முள்கரண்டி, ஒரு கத்தி என்று ஒவ்வொன்றும் ஒற்றையாக வாங்குகிறாள். வேறு படமாக இருந்தால் ‘நான் தனியாக வாழ்கிறேன்’ என்று அவளே சொல்லியிருப்பாள். இங்கே கடை வெளிச்சத்தில் அவள் கை மட்டும் அதைச் சொல்லிவிடுகிறது. அது ஆடம்பரமும் இல்லை. பெட்டி பெட்டியாக வாங்க அவளால் முடியாது, தேவையும் இல்லை. வருகிறவன் ஒருவன்.

சண்டை போட்டு அவன் போனபின் அந்தத் தட்டு குப்பைக்குப் போகிறது. கழுவி அலமாரியில் வைத்தால் தினமும் கண்ணில் படும். வருமானம் இல்லாத ஒருத்தி காசு போட்டு வாங்கிய பொருளைத் தூக்கி எறிகிறாள் என்றால் அவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த அக்கா கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலையும் அவரே சொன்னார்: “வெச்சிருந்தா காத்திருக்கிற மாதிரி ஆயிடும்ல.” நான் சேர்க்க எதுவும் இல்லை.

குடிக்கிறான்னு தெரிஞ்சும் கூப்பிட்டா. அப்புறம் ஒரு வாய் குடிச்சதுக்கு இவ்ளோ கறாரா இருக்கணுமா?

இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

தன் அப்பாவும் அண்ணன் தம்பி உறவில் ஒருவனும் குடித்தே செத்தார்கள், அந்தத் துக்கத்திலேயே அம்மாவும் போனாள் என்று அன்சா சொல்கிறாள். அவனை அவளுக்குப் பிடிக்கிறது, ஆனால் குடிகாரன் வேண்டாம். அவ்வளவுதான் அவள் பேச்சு. யாரும் எனக்கு உத்தரவு போட முடியாது என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து போகிறான். அவள் பின்னால் ஓடவில்லை.

தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாரச் சம்பளம் எந்தக் கடைக்குப் போய் எவ்வளவு மிச்சமாக வீட்டுக்கு வந்தது என்று வாசலில் நின்று பார்த்த பிள்ளைகள்தான் நாம் எல்லோரும். அங்கேயும் இங்கேயும் ஒரு ஒற்றுமை உண்டு. பின்லாந்தில் 1919 முதல் 1932 வரை மதுவிலக்கு இருந்தது. அது நீங்கியதிலிருந்து காரமான மது வகைகளை விற்பது அரசுக் கடைதான். நம் மாநிலத்தில் 2003-இலிருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். நீலகிரியில் காடு கெடக்கூடாது என்று 2022-இல் காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தரும் திட்டம் வந்தது. நல்ல திட்டம், யானைக் காலிலும் மான் காலிலும் கண்ணாடி குத்துவது குறைந்தால் சந்தோஷம். பாட்டில் திரும்பி வருகிறது. அதைக் குடித்தவனின் வீட்டுக்குத்தான் எதுவும் திரும்பி வருவதில்லை.

தமிழ்ப் படங்களில் காதல் தோல்விக்காகக் குடிப்பவனைப் பாட்டுப் போட்டு உயர்த்துவோம், இல்லாவிட்டால் அவனைத் திருத்தும் பொறுப்பைப் பெண் தலையில் கட்டுவோம். அன்சா இரண்டுக்கும் இடம் தரவில்லை. அவள் அவனைத் திருத்தப் போகவில்லை, தனக்கு எது வேண்டாம் என்று சொன்னாள். குடியை விட்டது அவன். படத்தில் அவனே நண்பனிடம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறான்: குடிப்பதால் மனச்சோர்வு, மனச்சோர்வால் குடி. அந்தச் சுழலை உடைக்க அவன் தனியாகத்தான் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. பார்ப்பவர்களில் ஹொலப்பாக்கள் இருந்தால் இந்த இடத்தை இன்னொரு முறை பார்க்கும்படி மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

போன் நம்பர் தொலைஞ்சா அவ்ளோதானா? வாட்ஸ்அப், பேஸ்புக் எதுவும் இல்லையா?

பெயரே தெரியாதவளை எதில் தேடுவான்? இயக்குநருக்குப் பழைய காலத்து ரேடியோ, பழைய ஜூக்பாக்ஸ், கம்பி வைத்த போன் இவற்றின் மேல் ஆசை உண்டு என்பதும் உண்மை. அதனால் எந்த வருஷத்தில் கதை நடக்கிறது என்று குழப்பம் வரலாம். சுவரில் 2024 காலண்டர் தொங்குகிறது, அதாவது படம் வந்ததற்கும் அடுத்த வருஷம்.

பந்தலூர்ப் பக்கம் டவர் எடுக்காத எஸ்டேட்டில் இருந்து வந்த ஒரு பையன் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ரேடியோவைப் போட்டாலே சண்டைச் செய்தி வருதே, அதுக்கும் கதைக்கும் என்ன சம்பந்தம்?

உக்ரைன் போர்ச் செய்தி அது. மரியுபோல் நகரம் பற்றியெல்லாம் வருகிறது. பின்லாந்துக்கும் ரஷ்யாவுக்கும் சுமார் 1,340 கிலோமீட்டர் எல்லை. அந்தப் போர் தொடங்கிய பிறகுதான், 2023 ஏப்ரலில், பின்லாந்து நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்தது. அன்சா வேலை முடிந்து வந்து ரேடியோவைத் திருகும்போது அவளுக்குப் பாட்டு வேண்டும். வருவது சாவுக் கணக்கு. அவன் சாப்பிட வந்த அன்றும் அதேதான். அவள் கோபத்தோடு அதை நிறுத்துகிறாள்.

எனக்கு இங்கே இலங்கையிலிருந்து வந்த பெரியவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். பாட்டுக்காக இலங்கை வானொலியைத் திருப்பியவர்கள்தான் 1983-இல் அங்கே தங்கிப்போன சொந்தங்களுக்கு என்ன ஆயிற்றோ என்று அதே ரேடியோப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலையில் கொழுந்துக்கும் போனார்கள். போர் எங்கோ நடக்கிறது, நாம் இங்கே அரிசி கழுவுகிறோம், இரண்டும் ஒரே அறையில் நடக்கின்றன. ரேடியோவை எடுத்துவிட்டால் அன்சாவின் வீடு வெறும் காதல் கதை நடக்கும் வீடாகிவிடும்.

நம்ம ‘மூன்றாம் பிறை’ மாதிரி அழ வைக்குமா?

நீலகிரிக்காரர்கள் காதல் படம் என்றால் அதைத்தான் கேட்பார்கள், நியாயம்தான். 1982-இல் பாலு மகேந்திரா எடுத்து, கேத்தி ரயில் நிலையத்தில் முடித்த படம். இன்றும் கேத்தியில் ரயில் நிற்கும்போது அதைச் சொல்லாத ஆள் இல்லை. அங்கே அவள் அவனை மறந்து போகிறாள். இங்கே கோமாவில் கிடப்பவன் அவன், காத்திருப்பவள் அவள், விழித்ததும் நினைவும் இருக்கிறது. அந்த அளவுக்கு அழ மாட்டீர்கள். இரண்டு மூன்று இடத்தில் தொண்டை அடைக்கும்.

பிள்ளைகளோட பார்க்கலாமா?

பார்க்கலாம். புகையும் குடியும் நிறைய வரும், வேறு சங்கடம் இல்லை. பத்து வயதுக்குக் கீழே இருந்தால், அன்சா எடுத்து வளர்க்கும் நாய் வரும்வரை சலிப்பு தட்டும்.

கலர் ஏன் வேற மாதிரி இருக்கு? பழைய படம் பார்க்கிற மாதிரி.

35 எம்எம் பிலிமில் எடுத்தது. கௌரிஸ்மாகி டிஜிட்டலை ஏற்காதவர். ஒளிப்பதிவாளர் டிமோ சல்மினன் பல பத்து வருஷங்களாக அவரோடு இருப்பவர். சுவரில் ஒரு நீலம், சோபாவில் ஒரு சிவப்பு என்று நிறத்தை அளந்து வைத்து, முகத்தில் மட்டும் வெளிச்சத்தைக் கொட்டுவார்கள். ஏழை வீடு என்பதற்காக அழுக்காகக் காட்டவில்லை, அந்த மரியாதை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பிலிம் என்றதும் ஊட்டி இந்து நகரைச் சொல்லாமல் போக முடியாது. 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் அங்கேதான் கருப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் ‘இந்து’ என்ற பெயரில் செய்தது. தூசி குறைந்த குளிர்ந்த காற்று பிலிம் தயாரிப்புக்கு உகந்தது. இருட்டறையில் ஷிப்ட் பார்த்த ஆண்களும் பெண்களும் இந்த மலை முழுக்க இருந்தார்கள். டிஜிட்டல் வந்தது, தொழிற்சாலை நொடித்து மூடப்பட்டது. வேலை போனவர்களைப் பற்றிய ஒரு படத்தை, வேலை இழந்த ஒரு தொழில் தந்த பொருளில் எடுத்திருக்கிறார்கள் என்பது ஊட்டிக்காரர்களுக்குக் கூடுதலாக உறைக்கும்.

கடைசியில நல்லா இருப்பாங்களா? சோகமா, சந்தோஷமா?

அவன் ஊன்றுகோலோடு நடக்கிறான். அவனுக்கு வேலை இல்லை. அவள் பேக்டரி வேலையில் இருக்கிறாள், நாளைக்கும் இருக்குமா தெரியாது. இலையுதிர் காலம், முன்னால் நீண்ட குளிர். கூடவே அவள் எடுத்து வளர்த்த தெருநாய். அதன் பெயர் என்ன என்று கேட்கிறான், சாப்ளின் என்கிறாள். சார்லி சாப்ளின் தன் படங்களை நடையில் முடித்தவர், அவருக்கு வணக்கம் வைத்து இந்த இருவரும் நடந்து போகிறார்கள்.

நான் சந்தோஷம் என்றுதான் சொல்வேன். கஷ்டம் எதுவும் தீரவில்லை, அதைச் சுமக்க இப்போது இரண்டு பேர். இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் தனியாகக் காய்ச்சலில் கிடந்து பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அவன் குடியைத் திரும்பத் தொட்டால் என்ன ஆகும் என்று ஒரு பெண் கேட்டபோது என்னால் மறுக்க முடியவில்லை. அந்தப் பயமும் அவர்களோடுதான் நடந்து போகிறது.

நம்ம மலையில இப்படி ஒரு படம் எடுக்க முடியாதா?

முடியும், எடுக்கவும் வேண்டும். இத்தனை வருஷம் சினிமாக்காரர்கள் இங்கே வந்து டூயட் எடுத்தார்கள். தேயிலைச் சரிவு பின்னணியாக இருந்தது, அதில் நின்ற பெண்கள் பச்சையில் ஒரு புள்ளியாக இருந்தார்கள். கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டு வந்தாலே போதும்.

சாயங்காலம் எடை போடும் இடத்தை எடுங்கள். இடுப்பில் கட்டிய படங்குத் துணி நனைந்திருக்கும், விரல் நுனி கறுத்திருக்கும். சாக்கை இறக்கி வைத்துவிட்டு முள் எங்கே நிற்கிறது என்று எல்லோரும் தலையை நீட்டுவார்கள். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிக்கும்போது வாய் திறக்காமல் நிற்கும் ஒருத்தி. அதே சாக்குகளை லாரியில் ஏற்றுகிறவன் அவள் சாக்கை மட்டும் தரையில் இழுக்காமல் தூக்குகிறான். அவ்வளவு போதும், முதல் சந்திப்பு முடிந்தது. அப்புறம் அவர்கள் பேச நேரம் எங்கே கிடைக்கும்? அவளுக்கு ஐந்தரை பஸ், விட்டால் நடை, வழியில் காட்டெருமை. ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி சந்தையில் அரை மணி நேரம். ஒரு டீ, ஒரு வர்க்கி. கதை எழுத இதைவிட என்ன வேண்டும்?

சாதி என்னவாகும் என்று ஒருவர் கேட்டார். ஹெல்சிங்கியில் வராத கேள்வி இங்கே முதல் காட்சியிலேயே வந்து நிற்கும். அதை ஒளிக்காமல் எடுக்கத் துணிந்தவர்தான் இதை எடுக்க வேண்டும்.

விருது வாங்கிச்சா?

2023 கேன் விழாவில் ஜூரி பரிசு. ஆஸ்கருக்குப் பின்லாந்து அனுப்பிய படமும் இதுதான். பதினைந்து படங்களின் சுருக்கப் பட்டியல் வரை வந்து, இறுதிப் பரிந்துரையில் இடம் பெறவில்லை.

பிடிச்சிருந்துச்சு. அடுத்து எதைப் பார்க்கலாம்?

இதே இயக்குநர் தொழிலாளிகளைப் பற்றி முன்பே மூன்று படம் எடுத்திருக்கிறார். ‘ஷேடோஸ் இன் பாரடைஸ்’ (1986), ‘ஏரியல்’ (1988), ‘தி மேட்ச் ஃபேக்டரி கேர்ள்’ (1990). முதலாவதில் குப்பை வண்டிக்காரனும் சூப்பர் மார்க்கெட் கேஷியரும் காதலிக்கிறார்கள். ‘ஃபாலன் லீவ்ஸ்’ பிடித்தவர்கள் அதிலிருந்து தொடங்குங்கள். மூன்றாவதைத் தனியாக இருக்கும் ராத்திரியில் போட வேண்டாம், தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்ணுக்கு அதில் நடப்பது மிகவும் கொடுமை.

கேன் விழாவின் தங்கப் பனை விருதும் சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் சேர்ந்து வாங்கிய ‘மார்ட்டி’ (1955) இன்னொன்று. கறிக்கடையில் வேலை செய்யும் முப்பத்து நான்கு வயதுக்காரர், கல்யாணம் ஆகாதவர், எல்லோரும் எப்போது கல்யாணம் என்று கேட்டே அவரைக் கொல்கிறார்கள். அடுத்த திரையிடலுக்கு அதைப் போடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த முறை கதையைத் தமிழில் அச்சடித்து ஒரு தாளாக முன்பே கொடுத்துவிடுவோம். சப்டைட்டில் வேகம் யாருக்கும் தொல்லையாக இருக்காது.